எண்ணிக்கையும் சிகிச்சையும்: ஆட்டிசப் பரவலாய்வு வரலாற்றுக் குறிப்பு

இன்று மதுரை மாநகராட்சியில் அடங்கியுள்ள ஆனையூர், 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தனி நகராட்சியாகப் பதிவாகியுள்ளது. அக்கணக்கெடுப்பின் மாற்றுத்திறன் வகைகள் எட்டு. பேச்சுக் குறை அவற்றுள் ஒன்று. ஆட்டிசத்திற்குத் தனி வகை இல்லை. பேசாத ஆட்டிசக் குழந்தையின் நிலையைப் பெற்றோர் பேச்சுக் குறை என உரைத்திருப்பின், அது அவ்வாறே பதிவாகியிருக்கும். இத்தகைய வகைப்பாடு சிகிச்சையின் திசையையும் மாற்றவல்லது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

1943இல் லியோ கானர் விவரித்த 11 குழந்தைகளுள் எண்மர் பேசினர், மூவர் பேசவில்லை. பேசியோரின் மொழியும் பிறரோடு கருத்துப் பரிமாறப் பயன்படவில்லை என அவர் கண்டார். அதாவது, அடிப்படைக் குறை ஒலிப்பில் அன்று, பரிமாற்றத்தில் இருந்தது.

பரவலாய்வுகள் இவ்வுணர்வை மெல்லவே எட்டின. 1966இல் விக்டர் லாட்டர், இங்கிலாந்தின் மிடில்செக்ஸில் 8 முதல் 10 வயதுக் குழந்தைகளிடையே 10,000க்கு 4.5 எனக் கணித்தார். 1979இல் லோர்னா விங்கும் ஜூடித் கூல்டும் லண்டனின் கேம்பர்வெல்லில் சமூக ஊடாட்டக் குறையையே அளவுகோலாகக் கொண்டபோது, அவ்வெண் ஏறத்தாழ 21 ஆயிற்று. அளவுகோல் விரிய, எண்ணும் விரிந்தது.

இந்தியாவில் 1995ஆம் ஆண்டுச் சட்டம் ஆட்டிசத்தைக் குறிப்பிடவில்லை. 1999இன் தேசிய அறக்கட்டளைச் சட்டம் அதனைச் சேர்த்தது. 2016இன் உரிமைகள் சட்டம் 21 வகைகளுள் ஒன்றாக ஏற்றது.

பேச்சுச் சிகிச்சையாளருக்கு இவ்வேறுபாடு இன்றியமையாதது. ஒலிப்புக் குறையுடைய குழந்தைக்கு வேண்டுவது ஒலிப் பயிற்சி. ஆட்டிசக் குழந்தைக்கு முதலில் வேண்டுவது கவனப் பகிர்வும் சைகையும் படவழிப் பரிமாற்றமும். ஆனையூரில் 2011இல் பேச்சுக் குறையுடையோராக எண்ணப்பட்ட குழந்தைகளுள் யாருக்கு எது வேண்டியிருந்தது என்பதை அவ்வட்டவணையிலிருந்து பிரித்தறிய இயலாது.