மாண்டவி வைத்தியரும் மண்டபம் முகாமும்

பதுளை, பசறை, ஹப்புத்தளைத் தோட்டங்களின் முதியவர்கள் பழங்கதை பேசக் கேட்ட நேயர்களுக்கு 'மண்டபம் கேம்பு' என்ற பெயர் புதியதல்ல. பாம்பனை அடுத்த அந்த முகாமில் நம் பாட்டன் பூட்டன்மார் சில நாள் அடைத்து வைக்கப்பட்டார்கள். அம்மை குத்தி, நோயில்லை என்று கண்ட பிறகே கப்பல் ஏற்றினார்கள். ஏன் இந்தக் காவல்? இக்கேள்வியின் நுனியைப் பிடித்துக்கொண்டு நடந்தால், 1896ஆம் ஆண்டின் பம்பாயில், ஒரு கோவா வைத்தியரிடம் போய் நிற்போம்.

அகாசியோ கேப்ரியேல் வியேகஸ் 1856இல் பிறந்தவர். பம்பாய் கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் தேறி, துறைமுகத்தை ஒட்டிய மாண்டவியில் தொழில் பார்த்தார். தானியக் கிடங்குகளும் 'சால்' எனப்படும் குடியிருப்புகளும் நெருங்கிய இடம் அது. சால் என்பதை மாடி வைத்த லயம் என்று எண்ணிக்கொள்ளுங்கள். அங்கே எலிகள் செத்து விழுந்தன. மனிதர்களுக்குக் காய்ச்சலோடு நெறி கட்டியது. செப்டெம்பர் 23ஆம் தேதி, மாநகர சபையின் உறுப்பினருமாயிருந்த வியேகஸ், "இது பிளேக்" என்று சபையாரிடம் சொன்னார். சொல்வது எளிதன்று. துறைமுக நகரத்தில் அந்தச் சொல் வெளியேறினால் வியாபாரம் படுத்துவிடும்.

நகரம் காலியாகத் தொடங்கியது. எட்டு இலட்சத்துக்கு மேல் இருந்த சனத்தில் ஏறக்குறைய பாதி, சில மாதங்களுக்குள் ஊரைவிட்டு ஓடியது. நோயை விட நோய் தடுப்போருக்கே மக்கள் அஞ்சினார்கள் என்றால் மிகையில்லை. அக்டோபரில் ஆலைத் தொழிலாளர் ஆயிரம் பேர் வரை திரண்டு ஆர்தர் வீதி மருத்துவமனையைத் தாக்கினர். பூனாவில் படைவீரரை வீடுகளுக்குள் அனுப்பிச் சோதனை நடத்திய ராண்ட் என்ற அதிகாரி 1897 ஜூனில் சுடப்பட்டார். அதே ஆண்டு சனவரியில் ஹாஃப்கின் தம் தடுப்பூசியைத் தம் உடலிலேயே முதலில் குத்திப் பார்த்தார். அந்த ஊசியை வியேகஸ் ஏறத்தாழ 18,000 பேருக்குத் தம் கையாலேயே போட்டதாகச் சொல்வர். தெரிந்த வைத்தியர் என்பதால் கை நீட்டியவர்கள் அவர்களில் எத்தனை பேரோ! துப்பாக்கிக்காரனுக்குத் திறக்காத கதவு இவருக்குத் திறந்தது என்றே நான் எண்ணுகிறேன்.

பிளேக் ஆண்டுதோறும் திரும்பிவந்துகொண்டிருந்த காலத்தில், 1906இல், பம்பாய் மாநகர சபையின் தலைவரானார் வியேகஸ். 'மேயர்' என்ற பட்டம் அப்பதவிக்கு 1931இல்தான் வந்தது. அவர் 1933இல் காலமானார்.

இனி ஊவாவுக்கு வருவோம். கோப்பி அழிந்து தேயிலை பரவிய நாட்கள் அவை. 1893இல் ரயில் ஹப்புத்தளை வரை ஏறிவிட்டது. தோட்டங்களுக்கு ஆள் வேண்டும். ஆனால் பம்பாய்ச் செய்தி இலங்கை அரசைக் கலக்கிவிட்டது. 1897இல் தொற்றுநோய்த் தடுப்புக் கட்டளைச் சட்டம் பிறந்தது. கொரோனாக் காலத்தில் நம்மை வீட்டுக்குள் இருத்தியதும் அதே சட்டம்தான். மன்னார் வழியாகக் கால்நடையாய் வரும் வடக்குப் பாதை மூடப்பட்டது. தூத்துக்குடிப் பக்கம் தட்டப்பாறையிலும், 1914இல் தனுஷ்கோடி - தலைமன்னார் வழி திறந்தபின் மண்டபத்திலும் முகாம் எழுந்தது. தோட்ட எண் பொறித்த தகரத் துண்டைக் கழுத்தில் கட்டியபடி சனங்கள் காத்துக் கிடந்தனர்.

வேடிக்கையைப் பாருங்கள். அந்த 1914ஆம் ஆண்டின் தொடக்கத்திலேயே கொழும்பில் பிளேக் தோன்றிவிட்டது. அது சுற்றிச்சுற்றி வந்தது புறக்கோட்டை அரிசிக் கிடங்குகளைத்தான். கொழும்பு மாநகர சபையின் நுண்ணுயிரியல் அறிஞர் ஹர்ஸ்ட் எலியையும் தெள்ளையும் பல காலம் ஆராய்ந்தார். மூட்டையைத் தகரத் துண்டு கட்டி யாரும் நிறுத்தவில்லை, கூலியைத்தான் நிறுத்தினார்கள். இங்கே கதவைத் தட்டிக் கை பிடித்துப் பார்க்க ஒரு வியேகஸ் இருக்கவில்லை.

1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்பின், பதுளையில் ரயிலேறித் தலைமன்னாரில் கப்பல் மாறித் திரும்பிய குடும்பங்களையும் அதே மண்டபம் முகாமில்தான் தங்கவைத்தார்கள்.