வேளாண் கல்வியும் தொழில் நிறுவனப் பயிற்சியும்

வேளாண் பட்டப்படிப்பு மாணவர்களைப் பல்கலைக்கழகமும் வேளாண் தொழில் நிறுவனங்களும் சேர்ந்து பயிற்றுவிக்கும் முறை. தமிழ்நாட்டில், கோயம்புத்தூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இதன் முதன்மைக் களம்.

வரலாறு: ஆளுநர் வில்லியம் டெனிசனின் முயற்சியால் 1865-இல் சென்னை சைதாப்பேட்டையில் சோதனைப் பண்ணை தொடங்கியது. நீராவிக் கலப்பை முதலிய கருவிகள் சீமையிலிருந்து வந்தன. 1868-இல் வேளாண் பள்ளி அமைந்தது. படித்தவர்கள் அரசுப் பணியையே நாடினர். உழவரிடம் அக்கல்வி போய்ச் சேரவில்லை. 1906-இல் பள்ளி கோவைக்கு மாறியது. நன்செயும் தோட்டக்கால் நிலமும் அருகருகே கிடைத்த அவ்விடம் எல்லா வகையிலும் பொருத்தமானது. 1920-இல், அதற்குள் கல்லூரியாகியிருந்த அது சென்னைப் பல்கலைக்கழகத்துடன் இணைந்தது. 1971-இல் தனிப் பல்கலைக்கழகம் உருவானது.

ஆய்வும் ஆலையும் கைகோத்ததற்குச் சிறந்த முன்மாதிரி 1912-இல் கோவையில் தொடங்கிய கரும்பு இனப்பெருக்க நிலையம். அங்கு ஆய்வாளர்களான சி.ஏ. பார்பரும் டி.எஸ். வெங்கட்ராமனும் சாகுபடிக் கரும்பைக் காட்டுக் கரும்புடன் கலந்து உருவாக்கிய கோ 205 முதலிய இரகங்கள் வட இந்திய வயல்களில் பரவின. 1932-இல் சர்க்கரைத் தொழிலுக்குச் சட்டப் பாதுகாப்புக் கிடைத்ததும் ஆலைகள் பெருகின. கரும்புப் பதிவு, நடவு, வெட்டு உத்தரவு ஆகியவற்றைக் கவனிக்க ஆலைகளுக்கு வேளாண்மை படித்தவர்கள் தேவைப்பட்டனர். பட்டதாரிக்கும் தொழிலுக்கும் மெய்யான உறவு இங்கேதான் பிறந்தது.

பயிற்சி: 1992-இல் வேளாண் கல்விக்காக ரந்தாவா குழு பரிந்துரைத்த ஊரக வேளாண் பணி அனுபவத் திட்டம் இப்பயிற்சி முறையின் உயிர்நாடி. இறுதியாண்டு மாணவர்கள் கிராமத்தில் தங்குகின்றனர். ஊர் வரைபடத்தைக் கோலப்பொடியால் தரையில் வரையச் செய்து, நீர்நிலை எது, மேய்ச்சல் நிலம் எது என்பதை ஊராரிடமே கேட்டறிகின்றனர். விதை நேர்த்தி, மஞ்சள் ஒட்டுப்பொறி, தென்னைக்கு வேர்வழி மருந்தூட்டல் ஆகியவற்றைச் செய்து காட்டுகின்றனர். இருபது ஆண்டுகளாகத் தென்னை வளர்ப்பவர் முன் நின்று விளக்குவது எந்தத் தேர்வையும்விடக் கடினம். பிறகு சர்க்கரை ஆலை, விதை, உரம், உணவு பதப்படுத்தும் நிறுவனங்களில் சில வாரங்கள் பயிற்சி உண்டு. ஆலையில் கரும்பின் முதிர்ச்சியைக் சாற்றின் இனிப்பை அளக்கும் கை பிரிக்ஸ் மீட்டரால் சோதித்து, எந்த வயலை முதலில் வெட்டுவது என முடிவு செய்யக் கற்கின்றனர். இந்தத் தொழில் நிறுவனப் பயிற்சி மிகக் குறுகியது. ஒரு பருவம் முழுவதும் நீள வேண்டும்.

இன்றைய நிலை: 2015-இல் ‘ஸ்டூடண்ட் ரெடி’ என்ற நாடு தழுவிய திட்டம் இப்பயிற்சிகளை ஒன்றாக்கியது. பல்கலைக்கழகத்துடன் இணைந்த தனியார் கல்லூரிகளிலும் இவை நடைபெறுகின்றன.