கம்பம் சாலை, தேனி

கம்பம் சாலை தேனி நகரின் முதன்மைக் கடைவீதி. நேரு சிலைச் சந்திப்பில் மதுரை, பெரியகுளம் சாலைகளைச் சந்திக்கும் இச்சாலை, தென்மேற்கே பழனிசெட்டிபட்டி, வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் வழியாகச் சென்று குமுளி மலை ஏறுகிறது. மதுரையின் மாசி வீதிகளுக்கு ஒரு கோயில் நடுவாக இருந்தது; இந்தச் சாலையை வளர்த்தவர்கள் வழிப்போக்கர்கள். அதனால், போகும் வண்டி மாறிய போதெல்லாம் தெருவும் மாறியது.

முல்லைப் பெரியாறு அணை கட்டப்பட்ட காலத்தில் (1887–1895) இப்பகுதிக்கு ரயில் கிடையாது. அம்மையநாயக்கனூர் (இன்றைய கொடைரோடு) நிலையத்தில் இறங்கிய தளவாடங்களை மாட்டுவண்டிகள் நாள்கணக்கில் இழுத்துக்கொண்டு மலையடிவாரம் சேர்த்தன. அணை நீர் வந்ததும் கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நிலமானது. நெல் பெருகியது, ஏலமும் காபியும் மலையிலிருந்து இறங்கின. இவை மதுரைக்குப் போகும் வழியில் தேனி இருந்தது. பெரியகுளமும் போடியும் பேர்பெற்றிருந்த வட்டாரத்தில் தேனி தலையெடுத்ததற்கு இந்த இருப்பிடமே முதன்மைக் காரணம் எனலாம்.

1928-ல் மதுரை–போடி ரயில் வந்தது. இரண்டாம் உலகப் போரின்போது தண்டவாளத்தைப் பெயர்த்தெடுத்தார்கள். 1950களில்தான் மறுபடி வண்டி ஓடியது. பருத்தி, மிளகாய், பயறு மண்டிகளும் வாரச்சந்தையும் லாரிகளும் தேனியை வணிக நகராக்கின. மதுரை மாவட்டத்திலிருந்து 1996-ல் தேனி மாவட்டம் பிரிக்கப்பட்டபோது தேனி நகரே அதன் தலைநகரானது. மண்டிச் சரக்கை நம்பியிருந்த ஊருக்கு அரசு ஊழியர்களும் மனு கொடுக்க வருவோரும் புது வாடிக்கையாளர்கள் ஆனார்கள்.

தேனிக்கு அப்பால் இச்சாலைக்கு வேறு முகங்கள் உண்டு. கம்பம், கூடலூர்ப் பகுதிகளில் விடியுமுன்பே கேரள ஏலத் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றும் ஜீப்புகள் கிளம்பிவிடும். அவற்றில் பெரும்பாலும் பெண்கள். பள்ளத்தாக்கின் உழைப்பு வரலாற்றில் இவர்களுக்கு இன்னும் உரிய இடம் தரப்படவில்லை. சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழாவுக்காகப் போக்குவரத்து மாற்றிவிடப்படும். சபரிமலை பருவத்தில் நெரிசல் மிகுந்தால் வண்டிகள் கம்பம்மெட்டு வழியாக ஏறிக் குமுளி வழியாக இறங்கும். 2011 டிசம்பரில், முல்லைப் பெரியாறு அணை நீர் உரிமைக்காக ஆயிரக்கணக்கானோர் இச்சாலையில் குமுளியை நோக்கித் திரண்டனர். எல்லைப் போக்குவரத்து நின்றது. தங்கள் வயல் நீருக்காக மக்கள் தாங்களாகவே சாலையில் இறங்கிய அந்த நாட்கள், இச்சாலையின் வரலாற்றில் மிக முக்கியமானவை.

தேசிய நெடுஞ்சாலை 220 என்றிருந்த குமுளிச் சாலை இப்போது 183. அண்மைக் காலத்தில் ஊர்களைச் சுற்றிப் பைபாஸ் போடப்பட்டது. நேரு சிலை அருகிலுள்ள பழைய பேருந்து நிலையத்திலிருந்து வெளியூர்ப் பேருந்துகள், பைபாஸில், பெரியாறு அணையைக் கட்டிய பென்னிகுயிக்கின் பெயரில் அமைந்த புதிய நிலையத்துக்குப் போயின. நகரின் நெரிசல் ஓரளவு குறைந்தாலும், பேருந்து மாறும் இடைவெளியில் சாமான் வாங்கியவர்களை நம்பியிருந்த சிறு கடைகளுக்கு அது அடிதான். அகலப் பாதைப் பணிக்காக 2010 கடைசியில் நிறுத்தப்பட்ட ரயில் 2022 மே மாதம் தேனிக்கும், 2023 ஜூனில் போடிக்கும் திரும்பியது. கம்பத்துக்கு ரயில் இன்னும் எட்டவில்லை. திண்டுக்கல்–குமுளி ரயில் பாதை பள்ளத்தாக்கு மக்களின் நெடுநாள் கோரிக்கை.