நின்று கேட்டோரும் வீட்டிலிருந்து கேட்டோரும்: இலண்டன் கோடைக்கால இசையரங்கின் சமூக வரலாறு பற்றிய ஒரு குறிப்பு

மேலைத்தேயச் செந்நெறி இசை பற்றி நமது முற்போக்கு வட்டாரங்களில் நீண்டகாலமாக இரு கருத்துகள் வழங்கி வந்துள்ளன. அது பூர்சுவா வர்க்கத்தின் ஓய்வுநேர ஆடம்பரம், உழைக்கும் மக்களுக்கு அதனால் ஆவது ஒன்றுமில்லை என்பது ஒன்று. அது நாடு, வர்க்கம், காலம் அனைத்தையும் கடந்த தூய கலை என்பது மற்றையது. ஒன்றுக்கொன்று முரணாகத் தோன்றினும் இவ்விரண்டும் ஒரு விடயத்தில் உடன்படுகின்றன. இசையைக் கேட்டவர் யார், எவ்விடத்திலிருந்து, என்ன விலை கொடுத்து, எந்தச் சாதனத்தின் வாயிலாகக் கேட்டார் என்னும் வினாவை இரண்டுமே எழுப்புவதில்லை. இலண்டனில் ஆண்டுதோறும் கோடையில் ஏறத்தாழ எட்டு வாரங்கள் நடைபெறுவதும், பி.பி.சி. வானொலியால் ஒலிபரப்பப்படுவதுமான 'புறொம்ஸ்' இசையரங்கின் வரலாறு அவ்வினாவை எழுப்புதற்கு ஏற்றதொரு களமாகும்.

உலாவியவாறே கேட்கும் கச்சேரி எனப் பொருள்படும் ஆங்கிலத் தொடரின் சுருக்கமே 'புறொம்ஸ்'. மண்டபத்தின் நடுத்தளத்தில் கதிரைகளை இடாது, குறைந்த கட்டணத்துக்கு மக்களை நின்று கேட்க விடும் முறை அது. ஆகஸ்ட் மாதத்தில் இலண்டனின் செல்வந்தர் நாட்டுப்புறம் சென்றுவிடுவர். மண்டபங்கள் வெறுமனே கிடக்கும். அந்த வெறுமையை வருவாயாக்க முனைந்தவர் குயீன்ஸ் மண்டபத்தின் முகாமையாளர் றொபேட் நியூமன். 1895 ஆகஸ்ட் 10 ஆந் திகதி, ஹென்றி வூட் என்னும் இளம் இசை நெறியாளரைக் கொண்டு அவர் முதற் கச்சேரியை நடத்தினார். நின்று கேட்பதற்குக் கட்டணம் ஒரு சிலிங். உண்ணலாம், குடிக்கலாம், புகைக்கலாம். பாட்டு நிகழும்போது தீக்குச்சி உரசாதிருக்கவேண்டும், அவ்வளவே. முதற்பகுதியிற் கனதியான ஆக்கங்களும் பிற்பகுதியில் ஜனரஞ்சகமான பாடல்களும் இடம்பெற்றன. இரவிரவாகக் கூத்துப் பார்த்துப் பழகிய நமக்கு இச்சூழல் அத்துணை அந்நியமன்று. பேச்சுமூச்சற்று இருந்து கேட்பதே இசைக்குச் செய்யும் மரியாதை என்ற எண்ணந்தான் பிற்காலத்தது.

இம்முயற்சிக்கு முதல் வழங்கியவர் கத்காட் என்னும் தொண்டை நோய் மருத்துவர். ஆங்கில வாத்தியக் குழுக்கள் கடைப்பிடித்த உயர்ந்த சுருதி பாடகரின் குரலைக் கெடுக்கிறது என்று கருதிய அவர், ஐரோப்பாக் கண்டத்திற் கையாளப்பட்ட தாழ்ந்த சுருதியைக் கைக்கொள்ள வேண்டுமென நிபந்தனை விதித்தார். நியூமன் 1902 இல் வங்குரோத்தானபோது எட்கர் ஸ்பெயர் என்னும் வங்கியாளர் பொறுப்பேற்றார். ஜெர்மானியப் பூர்வீகம் கொண்ட அவரை முதலாம் உலகப்போர்க்கால இனவெறி 1915 இல் நாட்டைவிட்டே வெளியேறச் செய்தது. அதன்பின் சப்பல் என்னும் இசை வெளியீட்டு நிறுவனம் இசையரங்கை நடத்தியது. இவ்வரிசையை நோக்கும்போது, மக்களுக்குச் செந்நெறி இசையை வழங்கியது எவரது தர்ம சிந்தையுமன்று என்பது புலனாகும். வாத்தியக் கலைஞரும் தம் உழைப்பை விற்று வாழ்ந்தவரே. கூடுதல் ஊதியம் கிடைக்குமிடத்துக்குத் தாம் சென்று, தமக்குப் பதிலாக இன்னொருவரை அனுப்பும் அவர்தம் வழக்கத்தை நியூமன் தடைசெய்தபோது ஏறத்தாழ நாற்பது பேர் வெளியேறினர். அவர்கள் 1904 இல் தாமே நிருவகிக்கும் இலண்டன் சிம்பொனி வாத்தியக் குழுவை அமைத்தனர். இசை வரலாற்று நூல்கள் இதனை ஒழுக்கப் பிரச்சினையாகவே எழுதிச் செல்கின்றன. நாம் இதனைத் தொழிலுறவுப் பிரச்சினையாகக் காண்கிறோம்.

வானொலியின் வருகை இம்முரண்பாடுகளை வேறொரு தளத்துக்கு இட்டுச் சென்றது. ஒலிபரப்பினால் மண்டபங்கள் வெறுமையாகும், இசைத்தாள் விற்பனை வீழும் என அஞ்சிய சப்பல் நிறுவனத் தலைவர் வில்லியம் பூசி வானொலியைக் கடுமையாக எதிர்த்தார். ஆயினும் நட்டம் தாளாது அந்நிறுவனம் விலகிக்கொள்ள, அரச சாசனம் பெற்ற கூட்டுத்தாபனமாக அதே ஆண்டில் மாறியிருந்த பி.பி.சி. 1927 இல் இசையரங்கைப் பொறுப்பேற்றது. பத்துச் சிலிங் அனுமதிப்பத்திரம் பெற்றவர் எவரும் வீட்டிலிருந்தவாறே ஆண்டு முழுவதும் வானொலி கேட்கலாம். 

வானொலியிற் கேட்கும் சிம்பொனி தன் முழுமையை இழந்து துண்டுதுண்டான இன்னொலிகளாகச் சிதைகிறது என்று 1941 இல் அடோர்னோ வாதிட்டார். அக்காலத்துக் கருவிகளின் தரத்தை நோக்க இதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால், மண்டபத்தின் வாசலையே மிதித்தறியாத ஒரு சுரங்கத் தொழிலாளியின் குடும்பத்துக்கு இழப்பதற்கு முன்னர் எந்த முழுமை இருந்தது? அடோர்னோவின் காது நுண்மையானது. அது முன்வரிசை இருக்கையிற் பழகிய காது என்பதையும் மறத்தலாகாது.

1941 மே மாதத்தில் ஜெர்மானியக் குண்டுவீச்சில் குயீன்ஸ் மண்டபம் அழிந்தது. அவ்வாண்டிலேயே இசையரங்கு றோயல் அல்பேர்ட் மண்டபத்துக்கு இடம்பெயர்ந்தது. விக்டோரியா மகாராணியின் கணவர் பெயரால் 1871 இல் திறக்கப்பட்ட அம்மண்டபம் பேரரசின் செருக்கைக் கல்லில் வடித்தது போன்றது. அங்கு மல்கம் சார்ஜன்ற் காலத்தில் உறுதிபெற்ற இறுதி இரவின் கொடியசைப்பும் பேரரசுப் பாடல்களும் முன்னைக் குடியேற்ற நாட்டவராகிய நமக்கு உவப்பானவையல்ல. 2020 இல், பெருந்தொற்றினால் கேட்போரற்றுக் கிடந்த மண்டபத்தில் அப்பாடல்களைப் பாடுவதா, வாத்தியத்தில் மட்டும் இசைப்பதா என்பது பிரித்தானியாவில் ஓர் அரசியற் சர்ச்சையாகவே வெடித்தது, ஈற்றிற் பாடப்பட்டன. எனினும் ஓரிரவின் ஆரவாரத்தைக்கொண்டு இரு மாதங்களை எடைபோடுதல் முறையாகாது. 1971 இல் இம்ரத் கானின் இந்திய இசை ஒலித்ததும் இதே அரங்கிலேதான்.

நமது இரு கருத்துகளையும் ஒருங்கே சோதனைக்குள்ளாக்கும் நிகழ்ச்சி 1968 ஆகஸ்ட் 21 ஆந் திகதி நிகழ்ந்தது. வார்சோ ஒப்பந்த நாடுகளின் தாங்கிகள் பிராக் நகருட் புகுந்த நாள் அது. அன்றிரவு நிகழ்ச்சியில் முன்னரே குறிக்கப்பட்டிருந்தது சோவியத் அரச சிம்பொனி வாத்தியக் குழு; நெறியாளர் ஸ்வெத்லானொவ். செக் நாட்டவரான த்வொர்ஷாக்கின் செலோ இசையாக்கத்தை வாசிக்க வந்தவரோ ரொஸ்ற்றபோவிச் என்னும் சோவியத் கலைஞர். மண்டபத்தின் வெளியே ஆர்ப்பாட்டம். உள்ளே கண்டனக் கூச்சல். கண்ணீர் வழிய வாசித்து முடித்த ரொஸ்ற்றபோவிச், த்வொர்ஷாக்கின் இசைத்தாளை அவையோர் காண உயர்த்திப் பிடித்தார்.

இசை அரசியலைக் கடந்தது என்போர் அன்றைய கூச்சலை எங்கு வைப்பர்? இசையின் மீது வர்க்க முத்திரை குத்தி அமைதிகாண்போர் அந்த இசைத்தாளை எப்பக்கத்தில் வைப்பர்? சோசலிச நாடொன்றின் வாத்தியக் குழு, சோசலிச நாடொன்றன்மீது நிகழ்ந்த படையெடுப்புக்காகப் பேரரசின் மண்டபத்திற் கண்டிக்கப்பட்டது. கூச்சலிட்டோர் அனைவரையும் ஏகாதிபத்தியத்தின் கையாட்கள் என்று தள்ளிவிடுதல் எளிது. அவ்வாறு தள்ளியோர் நம்மிடையேயும் இருந்தனர். அவர்களோடு நாம் உடன்படவில்லை. பிராக் வீதிகளில் தாங்கிகளின் முன் நின்றவருள் தொழிலாளரும் மாணவரும் இருந்தனர் என்பதை மறைத்துச் செய்யும் ஆய்வு மார்க்சிய ஆய்வாகாது.

அன்றிரவு அதே குழு ஷொஸ்தகோவிச்சின் பத்தாவது சிம்பொனியையும் வாசித்தது. ஸ்டாலின் மறைந்த 1953 ஆம் ஆண்டின் இறுதியில் முதன்முதல் அரங்கேறிய ஆக்கம் அது. மண்டபத்தில் நின்றோர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திருப்பர். வீட்டிலிருந்தோருக்கு முகங்களில்லை, செலோவின் ஒலியும் அதற்கு முன்னெழுந்த குரல்களும் ஒரே பெட்டியிலிருந்தே வந்தன. பின்னாளில் அந்த ஒலிபரப்பின் பதிவு இசைத்தட்டாக வெளிவந்தபோது, அக்குரல்களும் அதில் இடம்பெற்றன.