வசூலும் தரமும்: ‘தில்லி சஃபாரி’யின் தோல்வியை வாசிக்கும் முறை

இந்தியச் சித்திரப்படங்களின் வசூலையும் தரத்தையும் ஒப்பிட்டு ஆராய்ந்தோரிடையே சில காலமாக ஓர் அபிப்பிராயம் நிலைபெற்றுவிட்டது. விருது பெற்ற படங்களையும் விமர்சகர் மெச்சிய படங்களையும் ஒரு நிரலிலும், பணம் குவித்த புராணப் படங்களை மறு நிரலிலும் நிறுத்தி, இந்நாட்டுக் குடும்பங்கள் பக்திக்குச் சீட்டு வாங்குகின்றனவேயன்றிக் கலைக்கு வாங்குவதில்லை என்றும், ஆகவே தரத்துக்கும் வசூலுக்கும் இங்கே எதிர்விகித சம்பந்தமே உண்டு என்றும் முடிவு கூறுவது அவ்வபிப்பிராயத்தின் சாரம். இதற்குத் தலையாய பிரமாணமாகக் காட்டப்படுவது புணே நகரின் கிரேயான் பிக்சர்ஸ் நிறுவனம் உருவாக்க, நிகில் அத்வானி இயக்கி, 2012 அக்டோபர் 19ஆம் தேதி வெளிவந்த ‘தில்லி சஃபாரி’. அறுபதாவது தேசியத் திரைப்பட விருதுகளில் சிறந்த சித்திரப்படம் என்று தேர்வு பெற்ற அப்படம் கொட்டகைகளில் தோற்றது. அதற்கு ஏழாண்டு முன்னர், வி. ஜி. சாமந்த் இயக்கத்தில் எளிய கோடுகளோடு வந்த ‘ஹனுமான்’ வென்றது. இவ்விரண்டையும் அருகருகே வைத்தால் வேறு சாட்சியம் வேண்டுவதில்லை என்பது அவர்கள் வாதம். அந்த ஜோடியையே மறுபடியும் எடுத்து வாசிக்க வேண்டும் என்பது என் கட்சி.

முதலில் எண்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. நம் நாட்டில் வசூல் விவரங்களைத் திரட்டி வெளியிடும் அதிகாரபூர்வ அமைப்பு எதுவும் கிடையாது. வணிக ஏடுகள் தருபவை மதிப்பீடுகளே. அம்மதிப்பீடுகளிலும் கிராஸ் எனப்படும் மொத்த வசூல், வரி போக எஞ்சும் நெட், விநியோகஸ்தர் கைக்கு வரும் ஷேர் ஆகிய மூன்றும் ஒன்றன் இடத்தில் மற்றொன்று புகுந்துவிடுவதுண்டு. சரக்கு சேவை வரி 2017 ஜூலையில் நடைமுறைக்கு வருவதற்கு முன் மகாராஷ்டிரத்தில் கேளிக்கை வரி 45 விழுக்காடு வரை இருந்தது என்பதை நினைவிற் கொண்டால், 2005, 2012, 2025 ஆகிய ஆண்டுகளின் தொகைகளை ஒரே பட்டியலில் அடுக்கிக் கூட்டிக் கழிப்பது எவ்வளவு அபாயமான காரியம் என்பது விளங்கும். ஆகையால் இக்கட்டுரையில் மொத்தத் தொகைகளின் மீது நான் அதிகப் பாரத்தை ஏற்றவில்லை. அத்தொகை சேர்ந்த விதத்தையும் சேர்ந்த காலத்தையும் மட்டுமே ஆதாரமாகக் கொள்கிறேன்.

‘தில்லி சஃபாரி’யின் தரம் எத்தகையது? விருதை மட்டும் சுட்டிவிட்டு இவ்வினாவைத் தாண்டிச் செல்வோர் பலர். ஆனால் படத்தைப் பார்த்தே இதற்கு விடை சொல்ல வேண்டும். மும்பையின் விளிம்பிலுள்ள காட்டை இயந்திரங்கள் அழிக்கின்றன; சிறுத்தைக் குட்டி யுவராஜின் தந்தையாகிய சுல்தான் மனிதரால் கொல்லப்படுகிறது; தாய் பேகம், கரடி பக்கா, குரங்கு பஜ்ரங்கி ஆகியோர், மனித பாஷை பேசத் தெரிந்த அலெக்ஸ் என்னும் கிளியை உடன்கொண்டு நாடாளுமன்றத்தில் முறையிடத் தில்லிக்குப் புறப்படுகின்றனர். தந்தை மடியும் முற்பகுதியில் கதையும் சித்திரமும் ஓருயிராக இயங்குகின்றன. சிறுத்தையின் மயிர்ப்பரப்பில் வெளிச்சம் விழுந்து நகரும் விதம், நொடிக்கு 24 சட்டகங்கள் வீதம் ஒன்றரை மணி நேரத்துக்கு ஏறத்தாழ 1,30,000 சட்டகங்களைக் கணினியில் வார்த்தெடுக்க வேண்டிய இத்தொழிலில், அந்நாளைய இந்தியக் கூடமொன்று எளிதில் எட்டக்கூடிய தேர்ச்சியன்று. வன்முறையே வழி என்னும் குரங்கும் பேசிப் பார்ப்போம் என்னும் கரடியும் வாதிடும் இடங்களில் இந்நாட்டு அரசியலின் பழைய சர்ச்சையொன்று சிறுவர்க்கும் புரியும் வடிவில் ஒலிக்கிறது. ஆயினும் பயணம் தொடங்கிய பின், மிருகக் கூட்டம் ஊர் ஊராகச் செல்லும் அமெரிக்கப் படங்களின் சாயல் படத்தை ஆட்கொள்கிறது. பாட்டும் வேடிக்கையும் நிறைந்த கிளைக்காட்சிகள் குட்டியின் துயரத்தை மறக்கடித்துவிடுகின்றன. மொத்தத்தில், முற்பகுதியில் உயர்ந்தும் நடுவில் தளர்ந்தும் செல்லும் நல்ல படம் இது. இதை ஒப்பற்ற காவியமாக்கி, அதைத் தள்ளிய ஜனங்களை ரசனையற்றோர் என்று பழிப்பதற்கும் இடமில்லை; தோற்றமையால் இது தாழ்ந்ததாகத்தான் இருக்க வேண்டும் என்று தலைகீழாக அனுமானிப்பதற்கும் இடமில்லை.

இனி, அதிகம் கவனிக்கப்படாத விஷயத்துக்கு வருவோம். ‘ஹனுமான்’ வெளியானது 2005 அக்டோபர் 21. ‘தில்லி சஃபாரி’ வெளியானது 2012 அக்டோபர் 19. ஆங்கிலத் தேதியைப் பார்த்தால் இரண்டும் ஒரே பருவத்தில் வந்தவை போலத் தோன்றும்; ஒப்பீடு நியாயமானது என்ற நம்பிக்கை அங்கேதான் பிறந்திருக்க வேண்டும். பஞ்சாங்கத்தைப் புரட்டினால் சித்திரம் மாறிவிடுகிறது. 2005இல் தீபாவளி நவம்பர் 1. 2012இல் நவம்பர் 13. முன்னது பண்டிகைக்குப் பதினொரு நாள் முந்தி வந்து, இரண்டாம் வாரத்திலேயே விடுமுறைக் குழந்தைகளைச் சந்தித்தது. பின்னதற்கும் பண்டிகைக்கும் இடையே இருபத்தைந்து நாள். அது வந்த வாரம் நவராத்திரி வாரம்; மகாராஷ்டிரப் பள்ளிகளில் முதற்பருவத் தேர்வுகள் நெருங்கும் காலம். வெளியான அதே வெள்ளிக்கிழமை கரண் ஜோஹரின் ‘ஸ்டூடன்ட் ஆஃப் தி இயர்’ வந்தது. 24ஆம் தேதி தசராவன்று ‘சக்ரவ்யூஹ்’ வந்தது. நவம்பர் முதல் நாள் ‘ஸ்கைஃபால்’ வந்தது. விடுமுறைக் குழந்தைகளைப் பெற வேண்டுமாயின், இம்மூன்றையும் தாண்டி நான்காம் வாரம் வரை நிற்க வேண்டும். நின்றாலும், தீபாவளியன்று ‘ஜப் தக் ஹை ஜான்’, ‘சன் ஆஃப் சர்தார்’ என்னும் இரு பெரும் படங்களுக்குத் திரைகளை விட்டுக்கொடுத்தாக வேண்டும்.

சித்திரப்படத்துக்கு இந்த நாட்கணக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்று வினவலாம். பெரிய நடிகர் படத்துக்கு வரும் இளைஞர் தாமே முடிவு செய்து தாமே சீட்டு வாங்குகின்றனர். சித்திரப்படத்தைப் பார்க்க விரும்புவோர் சிறுவர், சீட்டு வாங்குவோர் பெற்றோர். வாகட், ஹிஞ்ஜவடி போன்ற புணேயின் மேற்குப் புறநகர்களில், கணவனும் மனைவியும் வேலைக்குச் செல்லும் வீடுகளில், நான்கு பேருக்கான சீட்டும் தின்பண்டமும் சேர்ந்த செலவு யோசித்துச் செய்யப்படும் செலவாகும்; வார இறுதிக்கு முன், ஏற்கெனவே பார்த்து வந்த இன்னொரு வீட்டாரிடம் ஒரு வார்த்தை கேட்ட பின்பே அது செய்யப்படுகிறது. ஆதலால் சித்திரப்படத்தின் வசூலில் இரு வேறு கூறுகள் உள்ளன: பார்ப்பதற்கு முன்பே வருவோர் தரும் பணம் ஒன்று, பார்த்தோர் சொல்லக் கேட்டு வருவோர் தரும் பணம் மற்றொன்று. தரம் என்பது செயற்படுவது இரண்டாவதில் மட்டுமே. அவ்விரண்டாவதற்கோ அவகாசம் வேண்டும். அவகாசம் மறுக்கப்பட்ட படத்தின் மொத்த வசூல் அதன் தரத்தைப் பற்றி நல்லதாகவோ கெட்டதாகவோ எந்தச் சாட்சியமும் சொல்ல இயலாது. ‘தில்லி சஃபாரி’ அத்தகைய படம் என்பதே என் துணிபு.

அதே ஆண்டு மே 25ஆம் தேதி, கோடை விடுமுறையிலேயே வந்த ‘அர்ஜுன்: தி வாரியர் பிரின்ஸ்’ ஏன் தோற்றது என்று கேட்பர். வெளிவந்த மூன்றாம் நாள் ஐ.பி.எல். இறுதி ஆட்டம், எட்டாம் நாள் ‘ரவுடி ராத்தோர்’. இதற்கு மேல் இவ்வாட்சேபத்தில் நின்று காலம் கழிக்க வேண்டியதில்லை. உண்மையில் அர்ணப் சௌதுரியின் அப்படம் பக்திவாதிகளுக்கே இடையூறானது: மகாபாரத நாயகனைப் பற்றிய படத்துக்கு ஜனங்கள் வராதது எதனால் என்பதை அவர்கள்தாம் விளக்க வேண்டும்.

பக்திவாதத்தின் வன்மையான பிரமாணம் வேறொன்று. அதைத் தட்டிக்கழிக்க நான் விரும்பவில்லை. அஸ்வின் குமார் இயக்கிய ‘மகாவதார் நரசிம்மா’ 2025 ஜூலை 25ஆம் தேதி, மகாராஷ்டிரப் பஞ்சாங்கப்படி சிராவண மாதத்தின் முதல் நாளன்று, ஐந்து மொழிகளில் வந்து, உலகளாவிய மொத்த வசூலில் 300 கோடி ரூபாயைக் கடந்ததாகக் கணக்கிடப்படுகிறது. இந்தியச் சித்திரப்படம் எதுவும் அதற்கு முன் அவ்வெல்லையை அணுகியதில்லை. நாளும் கதையும் பக்திக்கே இசைந்தவை என்பது மெய். ஆனால் அத்தொகை சேர்ந்த வரிசையைப் பாருங்கள். முதல் வெள்ளிக்கிழமை நெட் வசூல் இரண்டு கோடிக்கும் குறைவு. ஞாயிற்றுக்கிழமை ஒன்பது கோடிக்கும் மேல். முதல் வாரத்தைவிட இரண்டாம் வாரம் அதிகம். பிரகலாதன் கதை வெள்ளிக்கிழமையே எல்லோருக்கும் தெரியும். நரசிம்மர்பால் ஜனங்களுக்கு உள்ள பக்தி இரண்டு நாளில் ஐந்து மடங்காகப் பெருகவில்லை. பெருகியது பார்த்தவர்களின் பேச்சு. ஞாயிறு என்றால் எப்படத்துக்கும் கூட்டம் வரும் என்று கூறுவோர்க்கு இரண்டாம் வாரமே விடை. படத்தின் முற்பாதியில் மானிட முகங்கள் விறைத்து நிற்பதையும் உதட்டசைவு ஒட்டாததையும் நானும் கண்டேன். எனினும் தூண் பிளந்த பின்னர் வரும் நீண்ட இறுதிப் பகுதியில், உருவத்தின் கனமும் அசைவின் வேகமும் பிடரி மயிரின் உக்கிரமும் ஒன்றுகூடிப் பார்ப்போரை இருக்கையின் விளிம்புக்குக் கொண்டுவருகின்றன. வீட்டுக்குப் போய்ப் பிறரிடம் சொல்லத் தூண்டியது அதுவே. அந்த அனுபவம் பக்தியாகவும் இருக்கலாம். அதை உண்டாக்கியது தொழில்.

அதே 2025ஆம் ஆண்டிலேயே எதிர்மறைச் சோதனையும் நிகழ்ந்தது. யூகோ சாகோவும் ராம் மோகனும் கோய்ச்சி சசாகியும் உருவாக்கிய ‘ராமாயணா: தி லெஜண்ட் ஆஃப் பிரின்ஸ் ராமா’, கையால் வரைந்த சித்திரக் கலையில் நம் இதிகாசம் பெற்ற மிகச் சிறந்த வடிவம் என்று நான் தயங்காமல் சொல்வேன். புதுப்பிக்கப்பட்ட அப்படம் 2025 ஜனவரி 24ஆம் தேதி திரைக்கு வந்து, ‘நரசிம்மா’வின் வசூலில் ஒரு சிறு பங்கையும் எட்டவில்லை. பக்தியே காரணமாயின் இராமனுக்கு ஏன் பயன்படவில்லை? தரமே காரணமாயின் இக்கலைக்கு ஏன் பயன்படவில்லை? ஒரு தலைமுறை முழுவதும் தொலைக்காட்சியில் பார்த்துவிட்ட படம் அது. பார்த்தவர் சொல்லிக் கேட்பதற்குப் புதிதாக எதுவும் மிச்சமிருக்கவில்லை. இந்த இடத்தில் என் விளக்கம் அனுமானமே என்பதை ஒப்புக்கொள்கிறேன். எனினும் பக்திவாதம் இங்கே அனுமானத்துக்குக்கூட வழியின்றி நிற்கிறது.

தமிழர்க்குப் பரிச்சயமான ‘கோச்சடையான்’ இதே உண்மையை மறுபுறமிருந்து காட்டும். 2014 மே 23ஆம் தேதி ரஜினிகாந்தின் பெயருக்காகக் கொட்டகைகள் நிறைந்தன. அசைவுப் பதிவு முறையில் அமைந்த முகங்களில் அவரது கண்ணின் சுறுசுறுப்பைத் தேடி ஏமாந்தோரின் பேச்சு பரவவே கூட்டம் வடிந்தது. தொடக்கம் பெரிது, தொடர்ச்சி சிறிது. ‘நரசிம்மா’வில் தொடக்கம் சிறிது, தொடர்ச்சி பெரிது. மொத்தத் தொகையை மட்டும் நோக்குவோர்க்கு இவ்வேறுபாடு கண்ணிற் படுவதேயில்லை.

விருதைத் தரத்தின் அளவுகோலாகக் கொள்வதும் சரியன்று. ‘இனிமே நாங்கதான்’, ‘ரோட்சைட் ரோமியோ’, ‘தில்லி சஃபாரி’ மூன்றும் தேசிய விருது பெற்றவை. ஆண்டுக்கு ஒரு சில முழுநீளப் படங்களே போட்டியிடும் துறையில், விருது அவ்வாண்டின் சிறந்ததைச் சுட்டுமேயன்றி, ஓராண்டின் படத்தை இன்னோராண்டின் படத்தோடு ஒப்பிட உதவாது.

நாள்வாரி வசூல் ஏடுகள், அதாவது விநியோகஸ்தர்கள் டி.சி.ஆர். என்று வழங்கும் தாள்கள், கிடைத்தாலொழிய ‘தில்லி சஃபாரி’யைப் பற்றிய என் கூற்றை இறுதியாக நிறுவ முடியாது. 1964 முதல் படச்சுருள்களையும் சுவரொட்டிகளையும் பாதுகாத்துவரும் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் இதே புணேயில்தான் உள்ளது. 2012 அக்டோபர், நவம்பர் மாதங்களின் டி.சி.ஆர். தாள்களை இன்னும் வைத்திருக்கும் கொட்டகை உரிமையாளர்களும் விநியோகஸ்தர்களும் அவற்றைப் பழைய காகிதமாக எடைக்குப் போட்டுவிடாமல் அக்காப்பகத்தில் ஒப்படைக்க வேண்டுமென்றும், காப்பகமும் அவற்றைச் சுருள்களுக்கு நிகராக ஏற்றுப் பேண வேண்டுமென்றும் கேட்டுக்கொள்கிறேன்.