ஜமாஅத் பதிவேடுகளுக்கு இரண்டு ஊரில் இரண்டு பிரதி: நாஸ் பெட்டிகளை இணைப்பது எப்படி?

பழைய நிக்காஹ் தஃப்தர்கள் எங்கே என்று கேட்டால் நம் மஹல்லாக்களில் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "பள்ளிவாசல் ஆபீஸ் பீரோவில் இருக்கிறது." விதவை உதவித்தொகைக்கோ, வாரிசுச் சான்றுக்கோ, பாஸ்போர்ட்டுக்கோ ஒரு பெண் தன் திருமணத்தை நிரூபிக்க வேண்டிய நாள் வருகிறது. எல்லாத் திருமணங்களையும் அரசிடம் பதிய வேண்டும் என்ற தமிழ்நாட்டுச் சட்டம் 2009இல்தான் வந்தது. அதற்கு முந்தைய பல திருமணங்களுக்கு அந்தத் தஃப்தரின் ஒரு பக்கமே எழுத்துச் சாட்சி.

இப்போது பல ஜமாஅத்துகள் பதிவேடுகளை ஸ்கேன் செய்து வருகின்றன. 2025 ஜூன் 6இல் மத்திய அரசு உமீத் இணையதளத்தைத் தொடங்கிய பிறகு வக்ஃபு ஆவணங்களையும் கணினியில் ஏற்ற வேண்டியதாயிற்று. நல்ல வேலைதான். ஆனால் அந்தக் கோப்புகள் ஒரே கணினியில் கிடந்தால், பீரோவில் இருந்த ஆபத்து கணினிக்கு இடம் மாறியிருக்கிறது, அவ்வளவே. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதை நாம் மறந்திருக்க முடியாது. அத்தகைய வெள்ளம் தஃப்தர், கணினி என்று பார்ப்பதில்லை.

இதற்கு வழி, பிரதியை வேறு ஊரில் வைப்பது. ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் உள்ள இரண்டு ஜமாஅத்துகள் ஒருவருக்கொருவர் பிரதியைக் காக்க ஒப்புக்கொள்கின்றன என்று வைத்துக்கொண்டு, முறையை விளக்குகிறோம்.

தேவையான பொருள்கள்

நாஸ் என்பது நெட்வொர்க்கில் இணைத்து வைக்கும் சேமிப்புப் பெட்டி. ஊருக்கு ஒன்று வேண்டும். ஒவ்வொன்றிலும் இரண்டு ஹார்ட் டிஸ்க் போட்டு, ஒன்றில் எழுதுவது மற்றதிலும் எழுதப்படும்படி அமைக்கலாம். இதை ரெய்டு 1 என்பார்கள். ஒரு டிஸ்க் பழுதானால் இது காப்பாற்றும். பெட்டியே தீயில் எரிந்தாலோ திருடுபோனாலோ காப்பாற்றாது. மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நமக்குப் புதிதல்ல என்பதால், இரு பெட்டிகளுக்கும் யு.பி.எஸ். அவசியம்.

இரண்டும் ஒரே நிறுவனப் பெட்டிகளாக இருந்தால் வேலை எளிது. சினாலஜியில் ஸ்னாப்ஷாட் ரெப்ளிகேஷன், கியூநாப்பில் ஹைபிரிட் பேக்கப் சிங்க் என்ற செயலிகள் உள்ளன. ட்ரூநாஸ், இசட்.எஃப்.எஸ். முறையில் பிரதி அனுப்பும். வெவ்வேறு நிறுவனப் பெட்டிகள் என்றால் 1996இல் வெளிவந்த ஆர்சிங்க் என்ற இலவச மென்பொருள் போதும். அது கோப்பில் மாறிய பகுதியை மட்டும் அனுப்பும்.

அமைக்கும் வரிசை

முதல் பிரதியை இணையம் வழியே அனுப்ப வேண்டாம். ஒரு பக்க ஸ்கேன் 5 எம்.பி. என்றால் 200 பக்கத் தஃப்தர் 1 ஜி.பி. ஆகும். நூறு தஃப்தர்கள் 100 ஜி.பி. நொடிக்கு 20 மெகாபிட் பதிவேற்ற வேகத்தில் இதற்கு 11 மணி நேரம் பிடிக்கும். பயான் வீடியோக்களும் சேர்ந்து 1 டி.பி. ஆனால் நாலரை நாளுக்கு மேல் ஆகும். எனவே இரு பெட்டிகளையும் ஒரே அறையில் வைத்து முதல் பிரதியை எடுத்துவிட்டு, ஒன்றை மற்ற ஊருக்குக் கொண்டுபோங்கள். ஊர்களுக்கிடையே சுமார் 12 கிலோமீட்டர்தான்.

அடுத்து இணைப்பு. இரு பெட்டிகளையும் வயர்கார்டு போன்ற வி.பி.என். வழியாக மட்டும் பேச விடுங்கள். பெட்டியை நேரடியாக இணையத்துக்குத் திறந்து வைக்கக் கூடாது. 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்ற தீய மென்பொருள், அப்படித் திறந்திருந்த கியூநாப் பெட்டிகளில் புகுந்து கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது.

பிறகு திசை. ராஜபாளையத்துக் கோப்புகளை ராஜபாளையத்தில் மட்டுமே திருத்தலாம். ஸ்ரீவில்லிபுத்தூரில் இருப்பது திருத்த முடியாத பிரதி. அவர்களுடைய கோப்புகளுக்கு இதே விதி எதிர்த்திசையில். தினமும் இஷாவுக்குப் பின் ஒருமுறை பிரதி ஓடினால் போதும். ஒருவேளை பெட்டி அழிந்தாலும் இழப்பு ஒரு நாள் வேலையோடு நிற்கும்.

பிரதி மட்டும் போதாது

பலர் தவறும் இடம் இதுதான். பிரதி எடுக்கும் கருவிக்கு நல்லது கெட்டது தெரியாது. யாராவது ஒரு கோப்பகத்தைத் தவறுதலாக அழித்தால், அன்றிரவே அந்த அழிவும் அடுத்த ஊருக்குப் போய்விடும். தீய மென்பொருள் பூட்டிய கோப்பும் அப்படியே போகும். எனவே இரு பெட்டிகளிலும் ஸ்னாப்ஷாட் வசதியை இயக்குங்கள். அது குறிப்பிட்ட தேதியில் கோப்புகள் இருந்த நிலையை மாறாமல் வைத்திருக்கும். தினசரி 30, மாதாந்திரம் 12 என்று வைத்துக்கொண்டால் போன வருடத் தவற்றையும் திருத்தலாம்.

கிட்லேப் என்ற பெரிய மென்பொருள் நிறுவனத்திலேயே 2017 ஜனவரி 31 அன்று இது நடந்தது. பிரதிக் கோளாறைச் சரிசெய்த பொறியாளர், துணை சர்வர் என்று நினைத்து மூல சர்வரின் தரவுகளை அழித்துவிட்டார். சுமார் 300 ஜி.பி.யில் 4.5 ஜி.பி.தான் மிஞ்சியது. தினசரி பேக்கப் முன்பே பழுதாகியிருந்தது. அதை எச்சரிக்கும் மின்னஞ்சலும் யாருக்கும் போய்ச் சேரவில்லை. ஆறு மணி நேரத்துக்கு முந்தைய ஸ்னாப்ஷாட் ஒன்று தற்செயலாக இருந்ததால் தப்பினார்கள்.

தென்கொரிய அரசுக்கு அதுவும் வாய்க்கவில்லை. 2025 செப்டம்பர் 26இல் டேஜியான் நகரத் தரவு மையத்தில் தீப்பிடித்து, அரசு ஊழியர்களின் 858 டி.பி. கோப்புகள் அழிந்தன. வேறு இடத்தில் பிரதி இல்லை.

மாதம் ஒரு சோதனை

மாதம் ஒருமுறை, ஏதாவது ஒரு பழைய நிக்காஹ் பக்கத்தை அடுத்த ஊர்ப் பெட்டியிலிருந்து மீட்டுத் திறந்து பாருங்கள். அது தெளிவாகத் திறந்தால்தான் பிரதி இருக்கிறது என்று பொருள். சோதித்த தேதியையும் சோதித்தவர் பெயரையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். பிரதி நின்றுபோனால் வரும் எச்சரிக்கை மின்னஞ்சல் இருவருக்காவது போகட்டும். கம்ப்யூட்டர் தெரிந்த ஒரு தம்பியிடம் மட்டும் கடவுச்சொல்லை விட்டுவிட்டால், அவர் வேலைக்குத் துபாய் போகும் நாளில் எல்லாம் நின்றுவிடும். கடவுச்சொல்லை எழுதி, உறையில் முத்திரையிட்டு, முத்தவல்லியிடமும் செயலாளரிடமும் வையுங்கள்.

இரு ஊர்களும் ஒரே மாவட்டத்தில், ஒரே மலையடிவாரத்தில் இருப்பதால், மூன்றாவது பிரதி ஒன்றை வெளி ஹார்ட் டிஸ்க்கில் எடுத்து மதுரை போன்ற தூரத்து ஊரில் வைப்பது நல்லது.

கடைசியாக ஒன்று. தஃப்தரில் நம் பெண்களின் வயது, முகவரி, மஹர் எல்லாம் இருக்கின்றன. பிரதியைக் காக்கும் ஜமாஅத்துக்கு அதைப் படிக்கும் உரிமை இல்லை. அனுப்பும் முன்பே கோப்புகளை என்கிரிப்ட் செய்து, சாவியை மூல ஜமாஅத்தே வைத்துக்கொள்ள வேண்டும். அப்படிச் செய்தால் ஸ்னாப்ஷாட் பிரதிக்குப் பதிலாக என்கிரிப்ட் வசதியுள்ள பேக்கப் செயலியைத் தேர்ந்தெடுக்க வேண்டி வரலாம். பெட்டி வாங்கும்போதே விசாரித்துக்கொள்ளுங்கள். இரு ஜமாஅத்துகளும் இதை எழுத்தில் ஒப்பந்தமாக்கிக் கையெழுத்திட வேண்டும். பதிவேடு நம்மிடம் உள்ள அமானிதம். அழியாமல் காப்பதும், பார்க்கக் கூடாதவர் கண்ணில் படாமல் காப்பதும் அந்த அமானிதத்தில் அடங்கும்.