காசநோய் ஊசியும் காதுக்குள்ள இருக்கிற கைரோஸ்கோப்பும்

செவிலிமேட்டிலிருந்து பேசறேன். உங்க போன்ல கைரோஸ்கோப் இருக்குல்ல? அதே வேலையை நம்ம உடம்புல உள்காது செய்யுது: மூணு அரைவட்டக் குழாய், அதுல நுண்ணிய மயிர்செல்கள்.

1943-ல அமெரிக்காவுல வாக்ஸ்மன் ஆய்வகத்துல ஆல்பர்ட் ஷாட்ஸ் ஸ்ட்ரெப்டோமைசினைக் கண்டுபிடிச்சார். காசநோயை அடக்கிய முதல் ஆன்டிபயாடிக். சீக்கிரமே டாக்டர்கள் இன்னொன்னையும் கவனிச்சாங்க: தலைசுற்றல், இருட்டுல நடந்தா தள்ளாட்டம். மருந்து மயிர்செல்களைக் கொன்றது. மனுஷக் காதுல அது திரும்பச் சரியா வளராது. மாத்தி வந்த டைஹைட்ரோஸ்ட்ரெப்டோமைசினோ கேட்கும் திறனையே பறித்தது.

1956-ல மெட்ராஸ் சேத்துப்பட்டுல காசநோய் ஆய்வு மையம் தொடங்கியது. ஏழை நோயாளிக்கு வீட்டிலேயே சிகிச்சை தரலாம்னு நிரூபிச்ச இடம். 1964-ல வெளியான அவங்க ஆய்வுல ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி வாரம் ரெண்டே தடவை, கூடவே ஐசோநயாசிட். தினசரி மாத்திரைக்கு அது சளைக்கலை. மருந்தோட மொத்த அளவு குறைஞ்சா காதுக்கும் ஆபத்து குறையும்.

ஆனா மருந்துக்கு அடங்காத காசநோய்க்கு, இதே குடும்பத்து கனமைசின் ஊசி பல வருஷம் தொடர்ந்தது. 2018-ல தான் உலக சுகாதார நிறுவனம் அதைக் கைவிடச் சொன்னது. அதுவரை உயிர் பிழைச்ச பலர் காதை விலையா கொடுத்தாங்க.

இந்த வகை ஊசி போடும்போது தலை சுத்தினாலோ, காதுல இரைச்சல் வந்தாலோ, நீங்களா நிறுத்தாதீங்க. அடுத்த ஊசிக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட சொல்லுங்க.